ஷ்யூர் (ஆங்கிலச் சொல்)

ஷ்யூர் என்பது ஆங்கில மொழியில் உறுதிப்பாட்டை உணர்த்தப் பெருவழக்காகப் பயன்படும் ஒரு பெயரடை ஆகும். ஒரு செய்தியைக் குறித்து ஒருவர் ஐயமின்றி இருக்கிறார் என்பதே இன்று இதன் முதன்மைப் பொருள். தமிழில் இடத்திற்கு ஏற்ப உறுதியான, நிச்சயமான, ஐயமற்ற, தவறாத என்று இது பெயர்க்கப்படுகிறது. பேச்சு வழக்கில் வினையடையாகவும், "சரி", "ஆகட்டும்" என்று இசைவு தெரிவிக்கும் விடைச்சொல்லாகவும் வருகிறது.

இச்சொல் குறிக்கும் உறுதி பெரும்பாலும் ஒரு மனிதரின் மனத்தில் உள்ள உறுதியே ஆகும். செய்தி உண்மையானது என்பதற்கு அது சான்று அன்று. ஆகவே இச்சொல் வரும் தொடரில் அவ்வுறுதி யாருடையது என்று அறிவது பொருள் கொள்வதற்கு இன்றியமையாதது. இந்த வேறுபாடு இலக்கணத்தில் மட்டுமன்றி மொழிபெயர்ப்பிலும் நீதிமன்றத்திலும் விளைவுகளை உண்டாக்குகிறது. இக்கட்டுரையில் ஆங்கிலத் தொடர்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

ஒலிப்பும் வடிவங்களும்

எழுத்துக்கூட்டலில் இச்சொல்லின் முதலெழுத்து ஸகர ஒலிக்குரிய "எஸ்" ஆகும். ஆயினும் ஒலிப்பில் ஷகரமே கேட்கிறது. முற்காலத்தில் இது ஏறத்தாழ "ஸ்யூர்" என ஒலிக்கப்பட்டது. ஸகரமும் அதனை அடுத்த யகரமும் இணைந்து நாளடைவில் ஷகரமாக மாறின. சர்க்கரையைக் குறிக்கும் "ஷுகர்" என்னும் சொல்லிலும் இதே மாற்றம் நிகழ்ந்துள்ளது. தனித்த "எஸ்" எழுத்து சொல்லின் முதலில் ஷகரமாக ஒலிப்பது ஆங்கிலத்தில் அரிது. அத்தகைய சொற்களுள் இவ்விரண்டுமே பெருவழக்கானவை.

பிரித்தானிய ஆங்கிலத்தில் இது முன்னர் "ஷுஅ" என ஒலித்தது. தற்போது இங்கிலாந்தின் தென்பகுதியினர் பலர் "ஷோ" என நீட்டி ஒலிக்கின்றனர். இதனால் கடற்கரையைக் குறிக்கும் "ஷோர்" என்ற சொல்லும் இதுவும் அவர்கள் பேச்சில் ஒரே ஒலியுடையனவாகின்றன. அமெரிக்க ஆங்கிலத்தில் இறுதி ரகரம் தெளிவாக ஒலிக்க "ஷுர்" அல்லது "ஷர்" என்பது வழக்கு. தமிழில் "ஷ்யூர்", "ஷுவர்" என இருவகையாகவும் எழுதப்படுகிறது. முதல் வடிவத்தில் உள்ள யகரம் தற்கால ஆங்கில ஒலிப்பில் இல்லை.

இதன் ஒப்பீட்டு வடிவம் "ஷ்யூரர்", உச்ச வடிவம் "ஷ்யூரஸ்ட்". எதிர்ச்சொல் "அன்ஷ்யூர்", வினையடை "ஷ்யூர்லி", பெயர்ச்சொல் "ஷ்யூர்னெஸ்". இவற்றுள் பெயர்ச்சொல் வடிவம் அருகியே வழங்குகிறது. மன உறுதியைக் குறிக்கும் பெயராகப் பெரும்பாலும் "சர்ட்டன்டி" என்ற வேறு சொல்லே பயன்படுகிறது.

சொற்பிறப்பு

இச்சொல்லின் மூலம் "செகூருஸ்" என்னும் இலத்தீன் சொல் ஆகும். இது "இன்றி" எனப் பொருள்படும் "செ" என்ற முன்னொட்டும், "கவலை, கவனிப்பு" எனப் பொருள்படும் "கூரா" என்ற சொல்லும் சேர்ந்து உருவானது. எனவே இதன் அடிப்படைப் பொருள் "கவலையற்ற" என்பதாகும். கவலையற்ற நிலையிலிருந்து, கவலைப்படத் தேவையில்லாத, அதாவது பாதுகாப்பான, என்ற பொருள் தோன்றியது. பின்னர் நம்பத்தக்க என்ற பொருளும், அதிலிருந்து ஐயமற்ற என்ற பொருளும் வளர்ந்தன. உறுதி என்ற இன்றைய பொருளுக்கு அடியில் பாதுகாப்பு என்ற பழைய பொருள் இருப்பதைச் சில மரபுத்தொடர்களில் இன்றும் காணலாம்.

இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் சுருங்கி வழங்கியது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் ஆங்கிலத்தில் கலந்தன. அவ்வழியே வந்த இச்சொல் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் வழக்கில் இருந்தது.

மூன்று முறை வந்த சொல்

ஒரே இலத்தீன் சொல் வெவ்வேறு காலங்களில் மூன்று வடிவங்களில் ஆங்கிலத்தை வந்தடைந்துள்ளது.

1. சிகோர்: செருமானிய மொழிகள் தொன்மைக் காலத்திலேயே இலத்தீனிலிருந்து பெற்ற வடிவம். பழைய ஆங்கிலத்தில் வழங்கியது. இடாய்ச்சு மொழியின் "ஸிஹர்", டச்சு மொழியின் "ஸேகர்" ஆகியவை இதன் உறவுச் சொற்கள். இடாய்ச்சுச் சொல் இன்றும் பாதுகாப்பான, உறுதியான என்ற இரு பொருளையும் தருகிறது. பொது ஆங்கிலத்தில் இவ்வடிவம் மறைந்துவிட்டது. இசுக்காட்லாந்து வழக்கில் "சிக்கர்" என எஞ்சியுள்ளது.
2. ஷ்யூர்: பிரெஞ்சு வழியாக வந்தது.
3. செக்யூர்: 16-ஆம் நூற்றாண்டில் கற்றோர் இலத்தீனிலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டது. பாதுகாப்பான என்ற பொருளைப் பெரும்பாலும் இச்சொல் ஏற்றுக்கொண்டது. அதன் பின் "ஷ்யூர்" என்பது மன உறுதியைக் குறிக்கும் சொல்லாக ஒதுங்கியது.

இசுக்காட்லாந்து வடிவத்தோடு தொடர்புடைய மரபுக்கதை ஒன்று புகழ்பெற்றது. 1306 பெப்ரவரி 10 அன்று டம்ஃபிரீஸ் நகரில் இருந்த பிரான்சிஸ்கன் துறவியரின் தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் தம் போட்டியாளரான ஜான் கொமினைக் கத்தியால் குத்தினார். வெளியே வந்த புரூஸ், கொமின் இறந்தாரா என்பதில் தமக்கு ஐயம் உள்ளது என்றாராம். உடனிருந்த ரோஜர் டி கிர்க்பாட்ரிக், "நான் உறுதி செய்கிறேன்" எனப் பொருள்படும் தொடரைக் கூறி உள்ளே சென்று கொமினைக் கொன்றார் என்பது கதை. இத்தொடரே கிர்க்பாட்ரிக் குடும்பத்தின் குறிக்கோளுரையாக நிலைத்தது. ஐயத்தைத் தீர்த்துக்கொள்வது என்பதும், ஐயத்திற்கு இடமில்லாதபடி செய்துவிடுவது என்பதும் இத்தொடரில் ஒன்றாகிவிட்டன. இந்த இருபொருள் தன்மை இன்றைய "மேக் ஷ்யூர்" என்ற தொடரிலும் உண்டு.

உறவுச் சொற்கள்

உறுதியளித்தலைக் குறிக்கும் "அஷ்யூர்", உறுதிப்படுத்தலைக் குறிக்கும் "என்ஷ்யூர்", காப்பீடு செய்தலைக் குறிக்கும் "இன்ஷ்யூர்", பிணையைக் குறிக்கும் "ஷ்யூரிட்டி" ஆகியவை இச்சொல்லின் அடியாகப் பிறந்தவை. இவற்றுள் "இன்ஷ்யூர்" தொடக்கத்தில் "என்ஷ்யூர்" என்பதன் மாற்று எழுத்துக்கூட்டலாகவே இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில்தான் அது வணிகக் காப்பீட்டிற்குரிய சொல்லாகப் பிரிந்தது.

காப்பீட்டை இலங்கைத் தமிழில் "காப்புறுதி" என்பர். காப்பு, உறுதி என்ற இரு சொற்களின் கூட்டான இது, ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒருங்கே கொண்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

"கூரா" என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே நோய் தீர்த்தலைக் குறிக்கும் "கியூர்", துல்லியத்தைக் குறிக்கும் "அக்யூரேட்", அறியும் ஆவலைக் குறிக்கும் "கியூரியஸ்" ஆகிய சொற்களும் தோன்றின.

பொருள்கள்

1. ஐயமற்ற: ஒருவர் ஒரு செய்தியை உண்மை என்று ஐயமின்றி நம்பும் நிலை. "ஐ ஆம் ஷ்யூர்" என்றால் "எனக்கு இதில் ஐயமில்லை" என்று பொருள்.
2. தவறாது நிகழக்கூடிய: ஒரு நிகழ்வு நடந்தே தீரும் என்று கருதப்படும் நிலை. "இட் இஸ் ஷ்யூர் டு ரெய்ன்" என்றால் "மழை பெய்வது உறுதி" என்று பொருள்.
3. நம்பத்தக்க, பிழைபடாத: "ஷ்யூர் சைன்" என்பது தவறாத அறிகுறி, "ஷ்யூர் ரெமடி" என்பது கைகண்ட மருந்து.
4. தடுமாறாத: கால், கை, பார்வை முதலியவற்றின் நிலைத்தன்மை. மலை ஆடுகள் போல வழுக்காது கால் பதிப்பதை "ஷ்யூர் ஃபுட்டட்" என்பர். தேர்ந்த ஓவியரின் கைத்திறனுக்கும் இச்சொல் அடையாக வரும்.
5. பாதுகாப்பான: இப்பொருள் வழக்கிழந்தது. 1611இல் வெளியான ஜேம்சு மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பில், மத்தேயு நற்செய்தியின் 27-ஆம் அதிகாரத்தில், இயேசுவின் கல்லறைக்கு முத்திரையிட்டுக் காவல் அமைத்த செய்தி இச்சொல்லாலேயே கூறப்படுகிறது. அங்கு "உறுதி" என்று மட்டும் பொருள் கொண்டால் கருத்து விளங்காது. "காவலான" என்பதே பொருள்.
6. மணம் உறுதி செய்யப்பட்ட: இதுவும் வழக்கிழந்த பொருள். சேக்சுபியர் காலத்து ஆங்கிலத்தில் மண ஒப்பந்தம் முடிந்த இருவரை இச்சொல்லால் குறித்தனர். தமிழில் "நிச்சயம்" என்ற சொல் "நிச்சயதார்த்தம்" என மணவுறுதி நிகழ்ச்சிக்குப் பெயராகியிருப்பது இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது.

இப்பொருள்களுள் முதலாவது, சொல் பயனிலைப் பகுதியில் நிற்கும்போதே கிடைக்கும். பெயருக்கு முன் நேரடியாக நிற்கும்போது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் பொருள்களே வரும். ஐயமற்ற மனிதர் என்ற பொருளில் "எ ஷ்யூர் மேன்" என்று கூறும் வழக்கம் ஆங்கிலத்தில் இல்லை.

தொடரமைப்பு

யாருடைய உறுதி

கீழ்க்காணும் இரு தொடர்களின் வேறுபாடு ஆங்கிலம் கற்போர் கவனிக்க வேண்டியது.

"ஷி இஸ் ஷ்யூர் ஆஃப் வின்னிங்": தான் வெல்வதில் அவளுக்கு ஐயமில்லை.

"ஷி இஸ் ஷ்யூர் டு வின்": அவள் வெல்வாள் என்பதில் ஐயமில்லை.

முதல் தொடரில் உறுதி எழுவாயாகிய அவளுடையது. அதனைக் கூறுபவர் அவள் தோற்பாள் என்றே எண்ணலாம். இரண்டாம் தொடரில் உறுதி பேசுபவருடையது. அவள் தன்மேல் நம்பிக்கையின்றி இருக்கலாம். தான் போட்டியில் இருப்பதைக் கூட எண்ணாமல் இருக்கலாம். ஆயினும் இரு தொடர்களிலும் எழுவாய் ஒன்றே, பெயரடையும் ஒன்றே.

இவ்வேறுபாட்டை உயிரற்ற எழுவாயைக் கொண்டு எளிதில் சோதிக்கலாம். மழையைப் பற்றி "இட் இஸ் ஷ்யூர் டு ரெய்ன்" என்று கூறலாம். "ஷ்யூர் ஆஃப் ரெய்னிங்" என்று கூற இயலாது. மழைக்கு மனம் இல்லையாதலால் அது எதனையும் நம்புவதில்லை. முதல் தொடரில் உள்ள உறுதி வானத்தைப் பார்த்துப் பேசுபவருடையது.

துணைச்சொற்கள்

"ஆஃப்", "அபவுட்" என்ற முன்னிடைச்சொற்கள் இச்சொல்லுக்குப் பின் வருகின்றன. இரண்டும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும். ஆனால் "ஷ்யூர் ஆஃப் ஹிம்செல்ஃப்" என்பது தன்னம்பிக்கை உடையவர் என்ற தனிப்பொருள் தரும் தொடர். சில இடங்களில் செருக்கையும் குறிக்கும்.

முழுத் தொடர் ஒன்று பின்னால் வருமாயின் "தட்" என்ற இணைப்புச்சொல் இடையில் நிற்கும். பேச்சில் அது பெரும்பாலும் விடப்படும். எதிர்மறையில் "வெதர்" அல்லது "இஃப்" வரும். "ஐ ஆம் நாட் ஷ்யூர் வெதர் ஹி வில் கம்" என்றால் "அவர் வருவாரா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை" என்று பொருள்.

"ஐ ஆம் நாட் ஷ்யூர்" என்பது அறியாமையை மட்டும் குறிப்பதன்று. ஒருவர் கூறிய கருத்தை ஏற்காதபோது, அதனை நேரடியாக மறுக்காமல் பண்பாக மறுப்பதற்கும் இத்தொடர் பயன்படுகிறது. அலுவலகக் கூட்டங்களில் இதனைக் கேட்கும் பிறமொழியினர், எதிரிலிருப்பவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் அவர் மறுத்திருக்கலாம்.

ஏவல் தொடரில் "பி ஷ்யூர் டு" என்பது "மறவாமல் செய்" என்று பொருள்படும். "மேக் ஷ்யூர்" என்பதற்கு இரு பொருள் உண்டு. ஒன்று, ஒரு நிலை இருக்கிறதா என்று பார்த்து அறிதல். மற்றொன்று, அந்நிலை இல்லாவிடில் அதனை உண்டாக்குதல். கதவு பூட்டியிருப்பதை "மேக் ஷ்யூர்" செய்யுமாறு ஒருவரிடம் கூறினால், பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும், திறந்திருந்தால் பூட்டுவதும் அவர் கடமை ஆகும். பார்த்து அறிதல் மட்டும் போதாது.

ஒத்த சொற்களுடன் ஒப்பீடு

சர்ட்டன்: இலத்தீன் மொழியின் "கெர்ட்டுஸ்" என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பிரித்தறிதல், முடிவு செய்தல் ஆகியவற்றைக் குறிக்கும் வினையோடு இது தொடர்புடையது. மனித மனத்தின் உறுதியையும் செய்தியின் உறுதியையும் இது ஒருங்கே குறிக்கும். ஆகவே "இட் இஸ் சர்ட்டன் தட்" என்று செய்தியை முன்னிறுத்தித் தொடங்கலாம். "இட் இஸ் ஷ்யூர் தட்" என்று தொடங்குவது இயல்பான ஆங்கிலம் அன்று. இச்சொல்லுக்கு "ஒரு குறிப்பிட்ட", "யாரோ ஒரு" என்ற வேறொரு பொருளும் உண்டு. அது "ஷ்யூர்" என்பதற்கு இல்லை.

கான்ஃபிடன்ட்: நம்பிக்கையுடைய. பெரும்பாலும் வருங்காலத்தையும் தன் திறமையையும் நோக்கியது.

கன்வின்ஸ்டு: சான்றுகளாலோ பிறர் வாதத்தாலோ நம்பும்படி செய்யப்பட்ட நிலை.

பாசிட்டிவ்: பேச்சு வழக்கில் மிகு உறுதியைக் குறிப்பது. "ஆர் யூ ஷ்யூர்?" என்ற வினாவிற்கு "பாசிட்டிவ்" என்பது அழுத்தமான விடை.

வினையடை வடிவங்களிலும் வேறுபாடு உண்டு. "சர்ட்டன்லி" என்பது உறுதியைத் தெரிவிக்கும். "ஷ்யூர்லி" என்பதோ பல இடங்களில் உறுதியை நாடும். "ஷ்யூர்லி யூ லாக்டு தி டோர்?" என்பதன் பொருள் "நிச்சயமாக நீ பூட்டினாய்" என்பதன்று, "நீ பூட்டியிருப்பாய் அல்லவா?" என்பதாகும். பேசுபவரின் மனத்தில் ஐயமோ வியப்போ எழுந்துவிட்டது என்பதை அது காட்டுகிறது.

உறுதி கூறுவதால் உறுதி குறைதல்

"கதவு பூட்டியிருக்கிறது" என்பதும், "கதவு பூட்டியிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை" என்பதும் ஒரே செய்தியைக் கூறுகின்றன. இரண்டாவது தொடரில் உறுதியைக் குறிக்கும் சொல் உள்ளது. ஆயினும் கேட்பவருக்கு முதல் தொடரே வலிமையானதாகத் தோன்றும். நேரில் பார்த்தவர் செய்தியை அப்படியே கூறிவிடுவார். பார்க்காமல் ஊகித்தவரே "ஐ ஆம் ஷ்யூர்" என்று முன்னுரை சேர்ப்பார். உறுதியாக இருக்கிறோம் என்று வெளிப்படையாகக் கூறுவது, உறுதியற்ற நிலையின் அடையாளமாகிவிடும் இம்முரணை மொழியியலாளர் எம். ஏ. கே. ஹாலிடே சுட்டிக்காட்டியுள்ளார்.

ஆறுதல் மொழிகளில் இதனைத் தெளிவாகக் காணலாம். "எல்லாம் நலமாக முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை" என்று நோயாளியின் உறவினரிடம் கூறுபவர் மருத்துவ முடிவைத் தெரிவிக்கவில்லை. தம் நல்லெண்ணத்தைத் தெரிவிக்கிறார்.

மரபுத்தொடர்கள்

ஃபார் ஷ்யூர்: ஐயத்திற்கிடமின்றி.
ஷ்யூர் இனஃப்: எதிர்பார்த்தபடியே. கடந்த நிகழ்வைக் கூறும்போது வருவது.
டு பி ஷ்யூர்: உண்மைதான், ஆனால். எதிர்க்கருத்தின் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டு பின்னர் மறுப்பதற்கான தோற்றுவாய்.
ஷ்யூர் திங்: தவறாத வெற்றி, அமெரிக்க வழக்கில் "கண்டிப்பாக" என்ற விடை.
ஷ்யூர் ஃபயர்: தப்பாமல் பயன் தருவது.
ஸ்லோ பட் ஷ்யூர்: மெதுவாயினும் பிழைபடாத.

வட்டார வழக்குகள்

அமெரிக்கப் பேச்சு வழக்கில் இச்சொல் வடிவம் மாறாமலே வினையடையாக நிற்கும். "இட் ஷ்யூர் இஸ் ஹாட்" என்றால் "வெயில் கடுமைதான்" என்று பொருள். எழுத்து வழக்கில் இது தவிர்க்கப்படுகிறது. நன்றி கூறுபவருக்கு மறுமொழியாகவும் அமெரிக்கர் இச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர்.

அயர்லாந்து ஆங்கிலத்தில் இச்சொல் தொடரின் முதலில் நின்று, "அதுதான் தெரியுமே" என்ற குறிப்போடு பேச்சைத் தொடங்கி வைக்கும். அங்கு இதற்கு உறுதி என்ற பொருள் பெரும்பாலும் இல்லை.

வேண்டுகோளுக்கு இசைவு தெரிவிக்கும் விடையாக இச்சொல் எல்லா ஆங்கில வழக்குகளிலும் பரவியுள்ளது. குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து மனமுவந்த இசைவையோ, வேண்டாவெறுப்பான இசைவையோ, நம்பாமையையோ இது குறிக்கும்.

சட்டத்துறையில்

இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றின் குற்றவியல் நீதிமன்றங்களில் ஒருவரின் விடுதலையும் தண்டனையும் இச்சொல்லின் பொருளைச் சார்ந்துள்ளன. குற்றம் "நியாயமான ஐயத்திற்கு அப்பால்" மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது பழைய வாய்ப்பாடு. நியாயமான ஐயம் எது என்று நடுவர் குழுவினருக்கு விளக்க முற்பட்ட நீதிபதிகள் இடர்ப்பட்டனர். 1952இல் சம்மர்ஸ் வழக்கில் தலைமை நீதிபதி கோடார்ட் பிரபு, ஐயம் என்ற சொல்லை விளக்க முயல்வதைவிட, குற்றம் நடந்தது என்பதில் நீங்கள் "ஷ்யூர்" ஆக உணர வேண்டும் என்று கூறுவதே தக்கது என்றார். பின்னர் இதுவே அங்குப் பெருவழக்காயிற்று. இன்று நீதிபதிகளுக்கான வழிகாட்டி, இச்சொல்லையே பயன்படுத்தவும், இதற்கும் பழைய வாய்ப்பாட்டிற்கும் பொருள் ஒன்றே எனத் தேவையானபோது விளக்கவும் அறிவுறுத்துகிறது.

கனடா வேறு வழியைத் தேர்ந்தது. 1997இல் லிஃப்கஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நியாயமான ஐயம் என்பதை விளக்காமல், "ஷ்யூர்" ஆக இருந்தால் தண்டிக்கலாம் என்று மட்டும் நடுவர் குழுவிடம் கூறுவது பிழை என்று தீர்ப்பளித்தது. முதலில் ஐயத்தின் பொருளை விளக்கிய பின்னரே இச்சொல்லைப் பயன்படுத்தலாம் என்பது அதன் நிலைப்பாடு. அன்றாட வாழ்வில் மக்கள் இச்சொல்லை வெவ்வேறு அளவு உறுதிக்குப் பயன்படுத்துவதால், ஒவ்வொருவரும் தத்தம் அளவுகோலைக் கொண்டு தீர்ப்பளிக்கக்கூடும் என்பதே இதற்குப் பின்னுள்ள கவலை.

சாட்சியின் உறுதி

சாட்சி ஒருவர் "ஷ்யூர்" ஆக இருப்பது அவர் கூற்று உண்மை என்பதைக் காட்டுமா என்பது தனி வினா. 1972இல் நீல் எதிர் பிகர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றவாளியை அடையாளம் காட்டும் சாட்சியத்தை எடைபோட வேண்டிய ஐந்து கூறுகளுள் சாட்சியின் உறுதிப்பாட்டையும் ஒன்றாக வைத்தது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமோ 1976இல் டர்ன்புல் வழக்கில், நேர்மையும் உறுதியும் உடைய சாட்சியும் தவறக்கூடும் என்பதை நடுவர் குழுவிற்கு நீதிபதி எச்சரிக்க வேண்டும் என்று வகுத்தது.

இவ்வெச்சரிக்கையின் தேவையை ரொனால்டு காட்டன் வழக்கு உணர்த்துகிறது. 1984இல் அமெரிக்காவின் வட கரொலைனா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் நிகழ்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், பாதிக்கப்பட்ட பெண் காட்டனை அடையாளம் காட்டினார். அவர் பொய் கூறவில்லை. முழு உறுதியோடு இருந்தார். 1987இல் நடந்த மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளி அவர் முன் கொண்டுவரப்பட்டபோதும், அவனைத் தாம் கண்டதில்லை என்றே கூறினார். 1995இல் மரபணுச் சோதனை காட்டன் குற்றமற்றவர் என்று நிறுவியது. அதற்குள் அவர் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழித்துவிட்டார்.

சாட்சியின் உறுதி பின்னர் கிடைக்கும் செய்திகளாலும் வளரக்கூடியது. கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்ட் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், தவறான ஆளை அடையாளம் காட்டியவர்களிடம் "நீங்கள் காட்டியவரே ஐயத்திற்குரியவர்" என்ற கருத்துப்படக் கூறியதும், தாம் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்ததாக அவர்கள் நினைவுகூரத் தொடங்கினர். எனவே சாட்சி எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதை அடையாளம் காட்டிய அதே வேளையில் பதிவு செய்ய வேண்டும் என்று உளவியலாளர் வலியுறுத்துகின்றனர். நீதிமன்றத்தில் வெளிப்படும் உறுதி, முதல் நாளில் இருந்த உறுதியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கணினியில்

கணினிப் பயனர்கள் இச்சொல்லை மிகுதியாகக் காண்பது "ஆர் யூ ஷ்யூர்?" என்ற வினாவில் ஆகும். எம்.எஸ்.-டாஸ் இயங்குதளத்தில் ஓர் அடைவிலுள்ள கோப்புகள் அனைத்தையும் நீக்க முற்பட்டால் இவ்வினா தோன்றி, ஆம் அல்லது இல்லை என்பதற்குரிய எழுத்தைத் தட்டுமாறு கேட்கும். பின்வந்த வரைகலை இயங்குதளங்களிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. இவ்வினா அடிக்கடி தோன்றும்போது பயனர் படிக்காமலே "ஆம்" என்று அழுத்தப் பழகிவிடுகிறார். உறுதியைக் கேட்பதைக் காட்டிலும், செய்ததை மீட்கும் வசதியைத் தருவதே சிறந்தது என்பது இடைமுக வடிவமைப்பாளர் பலரின் கருத்து.

தமிழாக்க மென்பொருள்களில் இவ்வினா "நிச்சயமாக நீக்க வேண்டுமா?", "உறுதியாக நீக்கவா?" என்ற வகையில் பெயர்க்கப்படுகிறது. "நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா?" என்ற சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு, பயனரின் மன உரத்தைக் கேட்பது போல் ஒலிக்கும்.

தமிழில் பெயர்த்தல்

ஆங்கிலத்தில் ஒரே பெயரடை தாங்கும் இருவகை உறுதியைத் தமிழ் தொடரமைப்பால் பிரித்துக் காட்டுகிறது. "அவர் வெல்வது உறுதி" என்பதில் உறுதி நிகழ்வின் மேல் நிற்கிறது. "தாம் வெல்வோம் என்பதில் அவருக்கு ஐயமில்லை" என்பதில் நான்காம் வேற்றுமை உருபு, உறுதி யாருடையது என்பதைத் தெரிவித்துவிடுகிறது. ஆகவே "ஷ்யூர் டு" என்பதற்கு முதல் அமைப்பும், "ஷ்யூர் ஆஃப்", "ஷ்யூர் தட்" ஆகியவற்றிற்கு இரண்டாம் அமைப்பும் பொருந்தும்.

"உறுதி" என்ற சொல்லைக் கையாள்வதில் ஒரு விழிப்பு தேவை. செய்தித்தாள் தமிழில் "அமைச்சர் உறுதி" என்றால் அமைச்சர் வாக்களித்தார் என்றே பொருள். சாலை விரைவில் அமையும் என்று ஒருவர் "ஷ்யூர்" ஆக இருப்பதாக ஆங்கிலத்தில் கூறினால், அது அவர் நம்பிக்கை மட்டுமே. அதனை "சாலை அமையும் என உறுதி" என்று பெயர்த்தால் அவர் அளிக்காத வாக்குறுதி அவர்மேல் ஏற்றப்படும். "உறுதியாக நம்புகிறார்" என்பதே பிழையற்ற பெயர்ப்பு.

உறுதியை உணர்த்தத் தனிச்சொல் இன்றியும் தமிழில் வழி உண்டு. ஏகார இடைச்சொல்லின் பொருள்களுள் தேற்றம், அதாவது தெளிவு, ஒன்று என்று தொல்காப்பியம் கூறுகிறது. "உண்டே மறுமை" என்பதில் மறுமை உண்டு என்ற தெளிவை ஏகாரம் தருகிறது. மேலும் விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் வினையின் காலம் மாறி வரலாம் என்பது நன்னூல் விதி. எறும்புகள் முட்டையைச் சுமந்து மேட்டை நோக்கிச் செல்வதைக் கண்டவர், இன்னும் பெய்யாத மழையை "பெய்தது" என்று கூறுவது தெளிவினால் வந்த காலமாற்றத்திற்கு எடுத்துக்காட்டு ஆகும். "இட் இஸ் ஷ்யூர் டு ரெய்ன்" என்ற ஆங்கிலத் தொடரின் கருத்தை இங்கு இறந்தகால வினை ஒன்றே தந்துவிடுகிறது.

தமிழ் வழி ஆங்கிலம் கற்போர் "அவர் வருவது உறுதி" என்பதை "இட் இஸ் ஷ்யூர் தட் ஹி வில் கம்" என்று பெயர்ப்பது பரவலாகக் காணப்படும் பிழை. "ஹி இஸ் ஷ்யூர் டு கம்" அல்லது "இட் இஸ் சர்ட்டன் தட் ஹி வில் கம்" என்பவை திருத்தமான வடிவங்கள்.

தமிழ்நாட்டு நகர்ப்புறப் பேச்சில் இச்சொல் அப்படியே கலந்துள்ளது. "ஷ்யூரா வருவார்" என்பதில் ஈற்றிலுள்ள ஆகாரம் "ஆக" என்பதன் சுருக்கம்; தொடர் உறுதியைக் கூறுகிறது. "ஷ்யூரா?" என்று தனித்து நிற்கும்போது அதே ஆகாரம் வினாப்பொருள் தருகிறது. கூறியவரின் உறுதியைக் கேட்பவர் இன்னும் ஏற்கவில்லை என்பதை அது உணர்த்தும்.